கப்பல் ஏறும் முன் கோவிட் சோதனை: வீட்டிலா, துறைமுகத்திலா?

அரவேணு மகள் (மே 14, 2022)

அம்மாவும் அப்பாவும் இந்த மாதக் கடைசியில் அமெரிக்கா போகிறார்கள். தம்பி மியாமியில் இருக்கிறான். அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஏழு இரவு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறான். அப்பா அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் போக வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. இருவருக்கும் இரண்டு ஊசியும் பூஸ்டரும் போட்டாயிற்று.

27-ம் தேதி வெள்ளி இரவு கோவையிலிருந்து விமானம். 28 மாலை மியாமி. 29 மதியம் கப்பல். இதற்கு இரண்டு சோதனை கேட்கிறார்கள். விமானத்துக்கு அமெரிக்க அரசின் இப்போதைய (2022 மே) விதி: புறப்படும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ எடுத்த நெகட்டிவ் சான்று வேண்டும். முன்பு மூன்று நாள் அவகாசம் இருந்தது. ஒமிக்ரான் வந்ததும் 2021 டிசம்பர் 6 முதல் ஒரு நாளாக்கிவிட்டார்கள். கப்பல் நிறுவனத்தின் விதி தனி: ஏறும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் எடுத்தது வேண்டும். டிக்கெட் போட்ட ஏஜென்ட் 26-ம் தேதி கோத்தகிரியிலேயே ஆர்டி-பிசிஆர் எடுக்கச் சொல்கிறார். இங்கே எடுக்கும் சாம்பிள் வண்டியில் கோவைக்குப் போய்த்தான் ரிசல்ட் வரும். அது 27 சாயங்காலம் வந்தால் உண்டு. கப்பலுக்கானதை மியாமியில் இறங்கிய இரவில் எங்கே போய் எடுப்பது?

நான் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கப்பலுக்கான சோதனையைத் துறைமுக வாசலில் கப்பல்காரர்களே எடுக்க வேண்டும் என்கிறேன். ஆன்டிஜென் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். இரண்டு நாள் பழைய தாளைக் காட்டிவிட்டு ஏறுபவர் நடுவில் மூன்று விமான நிலையம் தாண்டி வருகிறார். அங்கே ஒட்டியது அந்தத் தாளில் எப்படித் தெரியும்?

கேத்திக்காரர்

அம்மா, வாசலிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். சோதனையையே எடுத்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் என்ன நடந்தது? எல்லோரும் நெகட்டிவ் காட்டித்தான் ஏறினார்கள். நடுக்கடலில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றதும் கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். பயணிகளை அறைக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். கரையில் மறுபடி எடுத்தால் அவருக்கு நெகட்டிவ். இந்த ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன கப்பலில் 66 பேருக்கு வந்தது. அதுவும் கட்டுப்பாடுகள் எல்லாம் இருந்த காலம்தான். ஊசி போட்ட முதியவர்களை இப்படி அலைக்கழிப்பது நியாயமில்லை.

குன்னூர் லேப்

நான் லேப் டெக்னீஷியன். 2020-லிருந்து மூக்கிலும் தொண்டையிலும் ஸ்வாப் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அக்காவின் கணக்கைச் சரி செய்துவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

26 வேண்டாம். 27 காலை எடுங்கள். விமானத்துக்குப் புறப்படும் நாளே செல்லும். கப்பல் 29 என்றால் அதற்கு இரண்டு நாள் முன்பு 27. ஒரே சாம்பிள் இரண்டுக்கும் பொருந்துகிறது. 26-ல் எடுத்தால் விமானம் ஏறலாம், கப்பலுக்கு அது செல்லாது. அமெரிக்க விதி மணிக்கணக்கில் இல்லை, நாள் கணக்கில். 72 மணி, 48 மணி என்று கேட்கும் நாடுகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தக் கணக்கானாலும் சாம்பிள் எடுத்த நேரம்தான் கணக்கு. ரிசல்ட் வந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஆர்டி-பிசிஆர்தான் வேண்டும் என்று அமெரிக்கா சொல்லவில்லை. லேபில் எடுத்த ஆன்டிஜென்னும் ஏற்பார்கள். கப்பல் நிறுவனமும் ஏற்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் கிட் வாங்கி வீட்டில் தானே பார்த்தது செல்லாது. வீடியோவில் ஒருவர் மேற்பார்வை பார்த்துச் சான்று தரும் கிட் மட்டும் செல்லும்.

இனி உங்கள் வாதம். துறைமுக வாசலில் மூவாயிரம் பேரை நிறுத்தி ஸ்வாப் எடுத்தால், பாசிட்டிவ் ஆனவரும் அதே வரிசையில்தான் நிற்பார். மாஸ்க்கைக் கழற்றி, தும்மி, இருமி. ஸ்வாப் போனவுடன் பத்தில் நாலு பேர் தும்முவதை நான் தினமும் பார்க்கிறேன். கூட்டத்துக்கு வருமுன்பே பிரித்துவிடத்தான் கிளம்புமுன் ஊரிலேயே எடுக்கும் சோதனை. வாசலில் பாசிட்டிவ் வந்தால் உங்கள் அப்பா அம்மா எங்கே போவார்கள்? தம்பி வீடு இருக்கிறது, சரி. வீடு இல்லாதவர் தெரியாத ஊரில் ஹோட்டல் எடுத்துத் தனியாகக் கிடக்க வேண்டும். கோத்தகிரியிலேயே தெரிந்தால் சொந்தக் கட்டிலில் படுத்திருக்கலாம்.

அரவேணு மகள்

27 கணக்குக்கு நன்றி தம்பி. ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன வழியே என் வாதத்துக்குத்தான் சாட்சி. 27 காலை கோவையில் எடுத்த சாம்பிளைக் காட்டி 29 மதியம் கப்பல் ஏறலாம். விதிப்படி சரி. இடையில் அவர்கள் விமானத்துக்குள் இருக்கும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட ஒரு நாள். கப்பலில் இருப்பவர்களைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், இந்தத் தாள் யாரைக் காப்பாற்றுகிறது? நிறுவனம் 'நாங்கள் கேட்டோம், அவர்கள் காட்டினார்கள்' என்று சொல்லிக்கொள்ளத்தான் உதவும்.

குஞ்சப்பனை டாக்சி

ஒரு சின்னத் தகவல். 20-ம் தேதி ஊட்டி மலர்க்காட்சி தொடங்குகிறது. இரண்டு வருடம் நடக்காததால் கூட்டம் சொல்லி முடியாது. சீசனுக்கு ஒருவழிப்பாதை போட்டிருக்கிறார்கள், குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியெல்லாம் அரவேணு தாண்டித்தான் மேட்டுப்பாளையம் போகும். 27 காலை கிளம்பிக் கோவை லேபுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். 26 மதியமே இறங்கி ராத்திரி கோவையில் தங்கிவிடுங்கள். வயதானவர்கள், கொண்டை ஊசி வளைவில் நின்று நின்று போனால் வாந்தி வரும்.

கூடலூர் கடலோடி

நான் இந்த மாதிரிக் கப்பல் ஒன்றில் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறேன், இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். கேத்தி சார் சோதனையே வேண்டாம் என்கிறார். கப்பலுக்குக் கீழே இருப்பவன் சார்பில் கொஞ்சம் பேசுகிறேன்.

பயணிகள் பார்க்காத தளம் ஒன்று உண்டு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. ஒரு கேபினில் மேலும் கீழுமாக இரண்டு கட்டில், ஒரு திரை, கைநீட்டினால் எதிர்ச்சுவர். மேல் கட்டில்காரன் இருமினால் கீழே இருப்பவன் நெற்றியில் தெரியும். காலை பத்து மணிக்குள் ஒரு கூட்டம் இறங்கும், மதியம் அடுத்த கூட்டம் ஏறும். பயணிக்கு ஏழு இரவு, எங்களுக்கு ஒப்பந்தம் முடியும்வரை அதே காற்று.

ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் 2020 பிப்ரவரியில் டைமண்ட் பிரின்சஸ் நின்றதே, அதில் மொத்தம் 3,711 பேர். 712 பேருக்கு வந்தது. அவர்களில் 331 பேருக்குச் சோதனை எடுத்த நேரத்தில் ஒரு அறிகுறியும் இல்லை. ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்கு பாசிட்டிவ் என்று பிறகுதான் தெரிந்தது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கதவில் வைத்தது யார்? ஊழியர்கள்தான். 132 இந்தியர்கள் அதில் வேலை பார்த்தார்கள். அடுத்த மாதம் சிட்னியில் ரூபி பிரின்சஸிலிருந்து ரிசல்ட் வருமுன்பே சுமார் 2,700 பேரை இறக்கிவிட்டார்கள். ஊரெல்லாம் பரவியது, இருபதுக்கும் மேற்பட்டவர் உயிர் போயிற்று.

அன்றைக்கு ஊசி இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அறிகுறி இல்லாமல் ஏறுபவரைப் பிடிக்க ஸ்வாப்பைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கேத்திக்காரர்

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. அதற்கு வழி, ஊழியருக்கு ஜன்னல் வைத்த தனி அறையும் சம்பளத்தோடு விடுப்பும் தருவது. அந்தச் செலவை நிறுவனம் செய்யாது. பயணியிடம் ஒரு தாள் கேட்பது அவர்களுக்குச் சும்மா வருகிறது.

கூடலூர் கடலோடி

அறை வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான் சார். கட்டிய கப்பலில் அறை முளைக்காதே. அதுவரை?

குன்னூர் லேப்

கேத்தி சார், 2020-ல் நம் நீலகிரி மலைக்கு இ-பாஸ் வேண்டும், கல்லாறிலும் பர்லியாறிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டது யார்? நாம்தான். மேலே வருபவரிடம் கேட்டபோது நமக்கு அது பாதுகாப்பு. நாம் வேறு இடத்துக்குப் போகும்போது அதையே அவர்கள் கேட்டால் அலைக்கழிப்பா?

கேத்திக்காரர்

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. மூச்சுத்திணறல் என்றால் வளைவெல்லாம் இறங்கிக் கோவைக்கு ஓட வேண்டும். அந்தப் பயத்தில் கேட்டோம். அந்த நிலைமை போனதும் நிறுத்தினோம் அல்லவா? என் கேள்வியும் அதுதான், இவர்கள் எப்போது நிறுத்துவார்கள்?

அரவேணு மகள்

நடுக்கடலில் படுக்கை இன்றைக்கும் குறைவுதான் சார், அதனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் லேப் தம்பி சொன்ன இ-பாஸ் உதாரணத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. 2021 ஆகஸ்டில் கேரளாவிலிருந்து வருபவரிடம் ஆர்டி-பிசிஆர் சான்றோ இரண்டு ஊசிச் சான்றோ கேட்டார்களே. எல்லையில் இருக்கும் நாடுகாணி தாண்டி அன்றாடம் கூலிக்கு வந்துபோகும் ஒருவர் எத்தனை முறை காசு கொடுத்து ஸ்வாப் எடுப்பார்? சோதனை கேட்டதில் தவறில்லை. செலவும் அலைச்சலும் வருபவர் தலையில் விழுந்ததுதான் தவறு. இங்கேயும் அதே. லேபுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த விதி ஒரு மணி நேர வேலை. மலையில் இருப்பவருக்கு ஒரு ராத்திரி ஹோட்டல், டாக்சி, ஒரு நாள். பாதுகாப்பு யாருக்கு வேண்டுமோ அவர் எடுக்கட்டும்.

கூடலூர் கடலோடி

நாடுகாணி விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும் அக்கா. அதில் நீங்கள் சொல்வது உண்மை.

குன்னூர் லேப்

செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். டிக்கெட்டோடு மேற்பார்வைக் கிட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வரிசையில் நிறுத்தி எடுப்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு காரியத்தை மறந்துவிடாதீர்கள், பெயர். எங்கள் கவுண்டரில் அதிகம் அழுதவர்கள் பாசிட்டிவ் வந்தவர்கள் இல்லை, பெயர் தவறாக அடித்து வந்தவர்கள். நம்மவர்களுக்கு ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. ஆதாரில் 'எச். போஜன்' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் 'ஹாலன் போஜன்'. படிவம் நிரப்புபவர் ஆதாரைப் பார்த்து அடித்துவிடுவார். விமான நிலையத்தில் அந்தத் தாள் வேறு ஆளுடையது. சாம்பிள் குழாயை டெக்னீஷியன் கையில் எடுக்கும்போதே, இளஞ்சிவப்புத் திரவம் இருக்குமே அந்தக் குழாய், அதில் ஒட்டும் ஸ்டிக்கரை வாங்கிப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றில் பிறந்த தேதி அல்லது பாஸ்போர்ட் எண், சோதனையின் வகை, சாம்பிள் எடுத்த தேதி, லேபின் பெயர், ரிசல்ட் எல்லாம் இருக்க வேண்டும்.

சமீபத்தில் யாருக்காவது வந்து குணமாகியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். குணமான பிறகும் பிசிஆர் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். அப்படிப்பட்டவர் 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் ரிசல்ட்டையும் டாக்டர் கடிதத்தையும் காட்டினால் விமானத்துக்குச் சோதனை தேவையில்லை. கப்பலுக்கு அது செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

தொட்டபெட்டா வாசகி

இடையில் ஒரு கேள்வி. என் மாமியாருக்குக் கோவாக்சின். அமெரிக்காவில் ஏற்பார்களா?

குன்னூர் லேப்

ஏற்பார்கள் அம்மா. 2021 நவம்பர் 3-ல் உலக சுகாதார நிறுவனம் அனுமதி கொடுத்துவிட்டது. ஊசிச் சான்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே இருக்கட்டும், கோவின் தளத்தில் திருத்தலாம்.

கூடலூர் கடலோடி

அக்கா, ஒரு வேண்டுகோள். 27-ம் தேதித் தாள் கப்பலுக்குப் போதும். ஆனாலும் 29 காலை தம்பி வீட்டில் ஒரு சாதாரணக் கிட் எடுத்துப் பாருங்கள். அதை யாரும் கேட்க மாட்டார்கள், காட்டவும் வேண்டாம். இரண்டு கோடு வந்தால் ஏறாமல் இருந்துவிடுங்கள்.

அரவேணு மகள்

அப்பாவிடம் இப்போதுதான் பேசினேன். கோடு வந்தால் ஏற மாட்டேன், பணம் போனால் போகட்டும் என்றார். தம்பியிடம் நாலு கிட் வாங்கிவைக்கச் சொல்லிவிட்டேன். 26 மதியம் கோவை, 27 காலை ஏழு மணிக்கு லேபில் நேரம் வாங்கியாயிற்று.

கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதப் போகிறேன். வாசலில் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்பேன். வரிசைப் பிரச்சினைக்கு, வருகிற நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். முடியாது என்றால் கிட்டை நீங்களே அனுப்புங்கள் என்று இரண்டாவதாக எழுதுகிறேன்.

குன்னூர் லேப்

இரண்டாவதை முதலில் எழுதுங்கள் அக்கா. பதில் வந்தால் இங்கே போடுங்கள்.