பழைய கணினியை அப்படியே புதியதில் இறக்க முடியுமா?

கேள்வி: பழைய விண்டோஸ் மடிக்கணினியை முழுதாக பேக்கப் எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருக்கிறேன். புதியதில் ரீஸ்டோர் செய்தால் எல்லாம் வந்துவிடுமா? 11 வருடச் சேகரிப்பு, கை நடுங்குகிறது.

பதில்: முழு இமேஜை, அதாவது விண்டோஸோடு சேர்ந்த அந்த முழு நகலை, இறக்காதீர்கள். நான் செய்து பார்த்தேன், விண்டோஸ் முடங்கி நீலத்திரைதான் வந்தது. வன்பொருளை இயக்கும் பழைய டிரைவர்கள் புதியதற்கு ஒத்துவரவில்லை. மென்பொருள்களைப் புதிதாக நிறுவிவிட்டு, கோப்புகளை மட்டும் எடுங்கள். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று மறைந்திருக்கும். பிரவுசர் புக்மார்க்கெல்லாம் அதில்தான். பாஸ்வேர்டுகள் பெரும்பாலும் அப்படி வராது, தனியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இன்னொருவர்: டிஸ்கின் ஃபார்மட் (கோப்புகளைச் சேமிக்கும் முறை) ஃபேட்32 என்றால் 4 ஜிபி தாண்டிய கோப்பு ஏறாது. என் கல்யாண வீடியோ அப்படித்தான் விடுபட்டது. நல்லவேளை, பழையதை அழிக்கவில்லை!

கேட்டவர்: ஆப்டேட்டா கிடைத்தது, 38 ஜிபி! டிஸ்க் ஃபார்மட் என்டிஎஃப்எஸ்தான், அந்த 4 ஜிபி சிக்கல் இல்லை. சரி, காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.