சாவி யார் கையில்?

குழு: வளவு வீட்டுப் பங்காளிகள்

பெரியப்பச்சி: பட்டாலையில் இருந்த மரச்சிற்பம் ஒன்றைக் காணோம். முகப்புப் பூட்டு அப்படியே இருக்கிறது, பின்கட்டு வழியாக வந்திருக்கிறார்கள். இனிமேல் சாவியை யாரிடமும் கொடுக்கக்கூடாது.

தேவகோட்டை அயித்தை: போலீஸில் எழுதிக் கொடுத்தாச்சா அண்ணே?

பெரியப்பச்சி: கொடுத்தாச்சு. கேட்க ஆள் இல்லாத இடத்தில் மனுஷன் இப்படித்தான். வீடு பார்த்துக்கொள்கிற ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் அண்ணன்: இதைத்தான் ஆங்கிலேயத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651-லேயே எழுதினார். தலைக்கு மேல் ஓர் அரசு இல்லையென்றால் ஆளுக்கு ஆள் பகைதான் என்றார். தூங்கும்போது கதவைப் பூட்டுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாயே, அப்படியானால் உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

மீனாள்: அண்ணே, அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பூட்டுவதால் மனித இயல்பையே குற்றம் சொல்வதாக ஆகாது, ஆசைகள் தம்மளவில் பாவம் இல்லை என்கிறார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பாரிஸில் ஒதுங்கியிருந்தவர் அவர். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியதுதான். அதைப் படித்துவிட்டு ஒரு மனுஷரைத் திருடர் என்று சொல்ல முடியாது.

தேவகோட்டை அயித்தை: சரியாச் சொன்னாய். அண்ணே, மழைக்காலத்தில் பேத்தி ஊருணிப் படியில் வழுக்கினபோது வேட்டியோடு குதித்தவர் நம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான். நாம் எல்லாரும் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

மீனாள்: அயித்தை, சீனாவில் மென்சியஸ் இதையேதான் கேட்டார், கிறிஸ்து பிறப்பதற்கு 300 வருஷத்துக்கு முன்னால். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். பெற்றவர்களின் தயவுக்காகவோ ஊர் மெச்சவோ இல்லை, தானாகவே பதறும். ஆனால் அது வெறும் முளை, பார்த்துக்கொள்ளாவிட்டால் பட்டுப்போகும் என்றும் சொன்னார். பின்னால் வந்த சுன்ஸி நேர் எதிர்: பிறவிக் குணம் கெட்டது, கோணல் மரத்தை ஆவியில் காட்டி நிமிர்த்துகிற மாதிரி பழக்கித்தான் நல்லவராக்க வேண்டும் என்றார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இரண்டு பேரும் மனுஷனைக் கைவிடவில்லை. விட்டுவிட்டால் கெடும் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு.

கானாடுகாத்தான் அண்ணன்: நம் பக்கத்து மகிபாலன்பட்டிக்காரர் கணியன் பூங்குன்றனாரை விட்டுவிட்டாயே. யாதும் ஊரே என்ற முதல் வரியை எல்லா வளைவிலும் எழுதுகிறோம். கடைசி வரிகளைத்தான் யாரும் எழுதுவதில்லை. பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. வியக்காமல் இருந்துவிடலாம். இகழாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பெரியப்பச்சி: ஊருணி விஷயம் எனக்கு மறக்கவில்லை அப்பா. ஐயா காலத்துச் சிற்பம் போன வயிற்றெரிச்சல் எனக்கு.

மீனாள்: அது எங்களுக்கும் இருக்கிறது பெரியப்பச்சி. ஒரு நோட்டு வைப்போம். யார் கதவைத் திறந்தாலும் தேதி, நேரம், கையெழுத்து. அவர் மட்டும் இல்லை, பங்காளிகள் நாமும் போடவேண்டும்.

பெரியப்பச்சி: சரி. முகப்புச் சாவி அவரிடமே இருக்கட்டும். பெட்டகசாலைச் சாவியை காரைக்குடி லாக்கரில் வைக்கிறேன். பின்கட்டுக் கதவைப் பார்க்க ஆசாரி நாளைக்கு வருகிறார்.

தேவகோட்டை அயித்தை: அப்புறம் அண்ணே, அவர் சம்பளத்தைப் போன தீபாவளிக்கே கூட்டுகிறோம் என்றோம், இன்னும் கூட்டவில்லை. இந்த மாசக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், என் பங்கை இப்போதே ஜீபேயில் அனுப்புகிறேன்.