பட்டாணிப் புள்ளி சீருடை: என் சிப்பாய்க்கு அம்மை போட்டிருக்கிறது

குட்டிடாங்க்:

எல்லோருக்கும் வணக்கம். 1/35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, நான்கு ஜெர்மன் சிப்பாய் பொம்மைகள் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர், 1944 கோடை, பிரான்ஸின் நார்மண்டி, ஒரு புதர்வேலி ஓரமாக உட்கார்ந்திருப்பது போலக் காட்சி. மூன்று பேர் பரவாயில்லை, சாதாரணச் சாம்பல் பச்சைச் சீருடைதான். நான்காமவனுக்கு வாஃபன் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை) 1944 மாடல் பட்டாணிப் புள்ளி உருமறைப்பு அடிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு புள்ளி விடாமல் வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முடித்து மேசையில் வைத்தால் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, வாசல்ல வேப்பிலை கட்டணுமா?” என்கிறாள். சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது சரிதான். கீழே படம் போட்டிருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

புள்ளியை எவ்வளவு சிறிதாக வைப்பது? என்னிடம் 10/0 என்கிற மிக மெல்லிய பிரஷ் இருக்கிறது. பெயிண்டைத் தொட்டுப் பொம்மை பக்கம் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்துவிடுகிறது. அப்புறம், நிழல் முதலிலா, புள்ளி முதலிலா? நான் புள்ளி எல்லாம் வைத்து முடித்த பிறகு கறுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த பெயிண்ட்) ஊற்றினேன். சாக்கடையில் விழுந்து எழுந்தவன் போல் ஆகிவிட்டான்.

பொடிநடை:

பிரஷை விடுங்கள். பல் குத்தும் குச்சியின் நுனியை பிளேடால் சீவி, அதால் புள்ளி வையுங்கள். காய்கிற தொல்லையே இல்லை. நான் 1/16 அளவில் அப்படித்தான் செய்தேன்.

தையல்கடை:

பொடிநடை சார், 1/16-க்கு அது சரி. 35-க்கு வேண்டாம். குச்சியால் வைத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே வட்டமாக, ஒரே அளவில் விழும். தம்பியின் சிப்பாய்க்கு அம்மை வந்ததே அதனால்தான்.

தம்பி, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் துணியில் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர் என்றால் 1/35-இல் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. உங்கள் ஆள் ஐந்து சென்டிமீட்டர் உயரம். அவன் மேல் நீங்கள் வைத்திருக்கும் புள்ளி, படத்தில் பார்க்கிறபோது, ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அசல் அளவுக்குக் கொண்டுபோனால் மூன்றரை சென்டிமீட்டர். அது பட்டாணி இல்லை, எலுமிச்சம்பழம்.

ஆனால் புள்ளியைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. என் அப்பா தையல்காரர். பள்ளி விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்து வளர்ந்தவன் நான், அதனால் பொம்மையைப் பார்த்தாலும் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். கட்டம் போட்ட சட்டைத்துணி வந்தால் அப்பா பாக்கெட் வெட்டுவதற்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். பாக்கெட்டில் இருக்கும் கட்டம் உடம்புத் துணியின் கட்டத்தோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கடையை மாற்றிவிடுவார். போர்க்காலத்தில் சீருடை தைத்தவர்களுக்கு அந்தக் கவலை ஏது? கை ஓர் இடத்திலிருந்து, பாக்கெட் மூடி வேறோர் இடத்திலிருந்து, துணி மிச்சமாகிற மாதிரி வெட்டித் தைத்தார்கள். அதனால் ஒவ்வொரு தையலிலும் கோலம் அறுந்து நிற்கும். உங்கள் ஆளுக்கோ மார்பில் தொடங்கும் கரும்பழுப்புத் திட்டு பாக்கெட் மூடி மேல் ஏறி, தோள் தையலைத் தாண்டி, கை வரைக்கும் ஓடுகிறது. சட்டை போட்டவன் மாதிரி இல்லை, பச்சை குத்திக்கொண்டவன் மாதிரி இருக்கிறான்.

தோள், பாக்கெட் மூடி, காலர், முன்பக்கப் பொத்தான் பட்டி, இந்த நான்கு இடத்திலும் திட்டை வேண்டுமென்றே வெட்டி நிறுத்துங்கள். தையல் கோட்டில் மெல்லிய கரும்பழுப்பு ஒரு இழை. இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி நான் செய்கிற முறை. முதலில் உருமறைப்பு என்பதையே மறந்துவிட்டு, வெறும் பழுப்புச் சட்டை ஒன்று அடியுங்கள். வயேஹோ கம்பெனி பெயிண்டில் 826-ஆம் எண் நடுப்பழுப்பு எனக்குப் பழக்கம். மடிப்பின் பள்ளத்தில் இருட்டு, மேட்டில் கொஞ்சம் வெளிச்சம், எல்லாம் இப்போதே. அந்தச் சட்டையே தனியாகப் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். அதன் மேல் 822 கரும்பழுப்பில் ஒழுங்கில்லாத திட்டுகள், கிட்டத்தட்ட பாதி இடம். பிறகு கரும்பச்சைப் புள்ளிகள், அதன் மேல் வெளிர்பச்சை, கடைசியில் மணல் நிறம். எந்த நிறத்தையும் பாட்டிலில் இருக்கிறபடி போடாதீர்கள். எல்லாவற்றிலும் ஒரு துளி 976 பஃப் (வெளிர் மணல் நிறம்) கலந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சின்ன உருவத்தில் நிற வித்தியாசம் அதிகமானால் துணி செத்துவிடும்.

புள்ளியை எண்ண வேண்டாம். ஐந்தாறு புள்ளி கொத்தாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் வெற்றிடம் விட்டு வையுங்கள். மூலையில் சில புள்ளி மங்கலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கை நீளத்தில் வைத்துப் பாருங்கள், அதுதான் தீர்ப்பு. செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் என் பொம்மைகளும் அசிங்கமாகத்தான் இருக்கும்.

பிரஷ் விஷயம். 10/0-ஐ டப்பாவில் போட்டு மூடுங்கள். அதன் வயிற்றில் பெயிண்ட் நிற்க இடமே இல்லை, நம் ஊர் வெயிலில் காயாமல் என்ன செய்யும்? நல்ல கூர்மை உள்ள சேபிள் (விலங்கு முடி) பிரஷ், 1-ஆம் எண், வாங்குங்கள். விலை வலிக்கும், ஆனால் புள்ளி வைப்பது நுனிதான், தடிமன் இல்லை. டிபன் பாக்ஸ் மூடியில் ஈரப் பஞ்சு, அதன் மேல் கேக் சுடும்போது அடியில் போடும் பேக்கிங் காகிதம், அதில் பெயிண்டை வைத்தால் சாயங்காலம் வரை காயாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், சகித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வாஷ் கூடவே கூடாது. எல்லாம் காய்ந்த பிறகு கரும்பழுப்பை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, மடிப்பின் பள்ளத்தில் மட்டும் இழுத்துவிடுங்கள். மேட்டில் அதே பதத்தில் பஃப். புள்ளிகளுக்கு மேலேயே போகலாம். வெயிலில் வெளுத்த துணிக்கு மேட்டுப் பக்கம் புள்ளியும் சேர்ந்துதானே வெளுக்கும்?

கோவை1944:

தையல்கடை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உருமறைப்பு பழகுவதற்குப் பட்டாணிப் புள்ளி முதல் பாடம் இல்லை. நான் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் 1944-இல் இறங்கிய பிரிட்டிஷ் பாராசூட் வீரர் பொம்மைகளில்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் போட்ட டெனிசன் மேலங்கியில் மணல் நிறத்தின் மேல் பச்சையும் பழுப்பும் அகலத் தூரிகையால் இழுத்த மாதிரியே இருக்கும். ஆரம்பகாலத் துணிகளில் உண்மையிலேயே கையால் இழுத்தார்கள் என்பார்கள். அப்படியென்றால் உங்கள் பிரஷ் தடம் தெரிந்தால் அது தப்பே இல்லை! பச்சையும் பழுப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் நான்காவது நிறம் தானாக வரும். கீழே வெறும் காக்கிக் கம்பளிக் கால்சட்டை, அதனால் வேலையும் பாதிதான்.

தையல்கடை:

சரிதான் கோவை, ஆனால் தம்பி நார்மண்டியில் இருக்கிறார், அங்கே ஆர்ன்ஹெமைக் கொண்டுவர முடியாதே. அவருக்கு அதே காட்சிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் அவர்களுடைய 1929 மாடல் உருமறைப்புத் துணி ஏராளமாக ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதில் தைத்த உடைகளை நார்மண்டியில் 12-ஆவது எஸ்எஸ் பிரிவுக்காரர்கள் நிறையப் போட்டிருந்தார்கள். பெரிய பெரிய திட்டு, மூன்றே நிறம்: வெளிர்பச்சை, காவி, செம்பழுப்பு. ஒரே மாலையில் முடியும். ஒருவனுக்கு அதைப் போடுங்கள், பட்டாணிப் புள்ளியை ஒருவனோடு நிறுத்துங்கள். அவனுக்கும் மேலே மட்டும் புள்ளி, கீழே சாம்பல் பச்சைக் கால்சட்டை போதும். அன்று கையில் கிடைத்ததைக் கலந்து மாட்டிக்கொண்டவர்கள்தானே. கண்ணுக்கும் இளைப்பாற ஓரிடம் வேண்டும்.

அமெரிக்கர்கள் பக்கம் வைக்க நினைத்தால் ஒரு வேடிக்கை. 1944 ஜூலையில் அவர்களுடைய 2-ஆவது கவசப் பிரிவில் சிலருக்குப் புள்ளிபோட்ட உருமறைப்புச் சீருடை கொடுத்தார்கள். எஸ்எஸ் ஆட்கள் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட ஆரம்பித்ததால் சீக்கிரமே திரும்ப வாங்கிவிட்டார்கள்.

குட்டிடாங்க்:

அண்ணா, கோடி நன்றி. நேற்று அவனை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். அம்மாவிடம் “தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு” என்று சொன்னேன். பழுப்புச் சட்டை இன்று முடிந்தது, சட்டையாகவே நன்றாக இருக்கிறது, மேலே எதுவும் போட மனம் வரவில்லை.

ஒரே சந்தேகம். கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கலாமா? இங்கே ஒரு வாரமாக மழை.

தையல்கடை:

மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம். ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், கரும்பழுப்பில் அது பளிச்சென்று தெரியும். பிரஷால் தடவுகிற மேட் வார்னிஷ் வாங்கி, பாட்டிலை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, மெல்லியதாக இரண்டு தடவை. இடையில் ஒரு இரவு விடுங்கள். பெல்ட்டிலும் பூட்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் கொஞ்சம் பளபளக்க வேண்டும்.

பாக்கெட் மூடியை முடித்ததும் அதை மட்டும் ஒரு படம் போடுங்கள். பார்க்கணும்.