காஸ்டிக் பட்ட கை வழவழன்னு இருந்தா, இன்னும் கழுவி முடியலைன்னு அர்த்தம்

பொள்ளாச்சி:
வீட்டுல தேங்காயெண்ணெய் சோப்பு போடறவங்க நெம்பப் பேர், எண்ணெயைச் சோப்பா மாத்தற காரமான காஸ்டிக் சோடாவை டம்ளர்லதான் அளக்கறாங்க. அது ஆகாதுங்க. செதிலும் பொடியும் ஒரே டம்ளர்ல ஒரே எடை நிக்காது. ஒரு கிராம் வரைக்கும் காட்டற தராசு வேணும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுசும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் ஆகும். தோலைக் கடிக்காம இருக்கறதுக்கு 5 சதவீதம் குறைச்சு 174 கிராம் போடுங்க. அதே 174-ஐக் கடலை எண்ணெய்க்குப் போட்டுடாதீங்க, அதுக்கு 128 போதும். மிஞ்சின காஸ்டிக் கட்டிக்குள்ளயே நின்னு தோலை அரிக்கும்.

முதல்ல தண்ணி, 350 கிராம். அப்பறம் செதிலைக் கொஞ்சங்கொஞ்சமாத் தூவிக் கலக்கோணும். மாத்திச் செஞ்சா செதில் அடியில கட்டி பிடிச்சு, சூடெல்லாம் அந்த ஒரே இடத்துல ஏறி, கொதிச்சு மூஞ்சிக்குத் தெறிக்கும். சரியாக் கரைச்சாலே 80 டிகிரிக்கு மேல போயிரும், போசியைத் தொட முடியாது. ஆவி தொண்டையைக் கமறும். அதனால சமையக்கட்டுல வேண்டாமுங்க, பொடக்காளியில காத்து முதுகுப் பக்கமிருந்து வர்ற மாதிரி நின்னு கரைங்க. எவர்சில்வர் போசி நல்லது. அலுமினியப் போசி கூடவே கூடாது: நுரைச்சுப் பொங்கி ஹைட்ரஜன் கிளம்பும், போசியும் அரிச்சுப் போயிரும். கண்ணாடி ஊறுகாய் பாட்டில் அந்தச் சூட்டுக்கு விரிஞ்சிடும்.

திருப்பூர்:
பொள்ளாச்சிக்காரங்க சொன்ன அளவு சரிங்க. சாயப்பட்டறையில பழகினவங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சேத்துக்கறேன். கரைச்ச காஸ்டிக் பட்ட உடனே எரியும்னு காத்திருக்காதீங்க. ரெண்டு விரலை உரசிப் பாத்தா சோப்புத்தண்ணி மாதிரி வழுக்கும். தோல்ல இருக்கற கொழுப்பே சோப்பா மாறிட்டிருக்கு. எரிச்சல் தெரியறதுக்குள்ள உள்ள இறங்கியிருக்கும். ஆசிட் பட்டா மேல்தோல் வெந்து கெட்டியாகி ஓரளவு தடுத்துக்கும், காஸ்டிக் சதையைக் கரைச்சுக்கிட்டே போகும். அதனால ஓடற குழாய்த்தண்ணியில 20 நிமிஷம் கழுவோணும், கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே. காஞ்ச செதில் ஒட்டியிருந்தா முதல்ல தட்டி விட்டுட்டுக் கழுவுங்க. துணியில பட்டிருந்தா, தண்ணி ஊத்திக்கிட்டே அதைக் கழட்டிடுங்க.

ஈரோடு:
காஸ்டிக் பட்ட இடத்துல எலுமிச்சம்பழத்தையும் வினிகரையும் தேய்க்கச் சொல்றது இன்னும் ஓயலை. தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. புளிப்பும் காஸ்டிக்கும் சேந்தா அதுலயே சூடு பிறக்கும். வினிகரைத் தேடற ஒவ்வொரு நொடியும் புண் ஆழமாகும்.

கண்ணுல பட்டா அந்தக் கண் கீழ்ப்பக்கம் இருக்கற மாதிரி தலையைச் சாய்ச்சு, இமையை விரல்ல பிரிச்சுப் பிடிச்சு, மூக்கோரத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி விடோணும். 20 நிமிஷத்துக்குக் குறையவே கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயும் ஊத்திக்கிட்டே போங்க. வெள்ளையடிக்க நீத்தற சுண்ணாம்புக்கும் இதேதான். அதுல இன்னொரு தொல்லை, துணுக்கு இமைக்கு அடியில ஒட்டிக்கிட்டுக் காரத்தைக் கக்கிட்டே இருக்கும். இமையைப் புரட்டிப் பாத்து எடுக்க டாக்டர்தான் வேணும்.

கோவை:
போர்த்தண்ணி உப்புக்கு டைல்ஸ்ல வெள்ளைப் படலம் பிடிக்குது, ஆசிட் ஊத்தறாங்க. கறை போகலைன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடர். ரெண்டும் சேந்தா குளோரின் கிளம்பும். அது காத்தைவிடக் கனம், தரையோரமாத் தேங்கும். குனிஞ்சு சீமாறு போட்டுத் தேய்க்கறவங்க மூஞ்சிக்கு நேரா. நெடி வந்தா வாளியை எடுக்கக்கூட நிக்காதீங்க, கதவைத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்துருங்க.

அடைச்ச குழாய்ல காஸ்டிக் போட்டு அசையலைன்னா, அதுக்கு மேல ஆசிட் ஊத்தாதீங்க, எகிறித் தெறிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டா, உள்ள என்ன போட்டிருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.

பொள்ளாச்சி:
கையுறை விட்டுப்போச்சுங்க. முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் உறையைப் போட்டு, மேல் விளிம்பை வெளிப்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு விடுங்க. கையைத் தூக்கும்போது வழியற சொட்டு அந்த மடிப்புலயே நின்னுக்கும். கண்ணுக்குப் பக்கவாட்டுலயும் மூடின கண்ணாடி வேணும், மூக்குக்கண்ணாடி போதாது.

திருப்பூர்:
மிச்சத்தைத் தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதீங்க. கரைச்ச காஸ்டிக் பாக்கறதுக்குத் தண்ணியேதான், வாசனையும் கிடையாது. குழந்தை குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஏறி வரும்போது உணவுக்குழாயை இன்னொருக்கா வேக வைக்கும். வாயைக் கொப்புளிக்க வெச்சு 108-க்குக் கூப்பிடுங்க, வாங்கின டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.