மாமாவின் திதியைச் சொன்ன இலையான் புழுக்கள்

அம்மாவின் மூத்த அண்ணன் திருகோணமலையில், பாலையூற்றில் தனியாக இருந்தவர். ஞாயிறு பின்னேரம் அம்மாவோடு ரெலிபோனில் கதைத்தார். வியாழன் காலையில் மணம் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் கூப்பிட்டார். ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். கட்டிலில் படுத்தபடி போயிருந்தார், யன்னல் திறந்திருந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரியோடு சட்ட வைத்திய அதிகாரியும் வந்தார். மாமாவின் கண்ணோரத்திலும் மூக்கிலும் இருந்த புழுக்களை அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. துடைத்து விடாமல் பொறுக்கிச் சேர்க்கிறாரே என்று. பாதியைச் சுடுநீரில் போட்டு ஸ்பிரிட் போத்தலுக்கு மாற்றினார். மீதியை ஈரல் துண்டு வைத்த டப்பாவில் உயிரோடு விட்டார். பிறகு கட்டிலுக்குக் கீழேயும் சுவர் மூலையிலும் டோர்ச் அடித்து எதையோ தேடினார். மின்விசிறி ஓடியதா, யன்னல் எப்போதும் திறந்திருக்குமா என்று கேட்டு, அறையின் வெப்பநிலையையும் எழுதிக்கொண்டார்.

சில நாள் கழித்து அந்தச் சட்ட வைத்திய டொக்டரிடமே போய்க் கேட்டேன். பொறுமையாக விளங்கப்படுத்தினார். உடம்பு விறைப்பது தாடையில் சில மணித்தியாலத்தில் தொடங்கி, 12 மணித்தியாலமளவில் முழுக்கப் பரவும். எங்கள் வெக்கையில் அது சீக்கிரமே தளர்ந்தும் விடும். உடம்புச் சூட்டை வைத்துச் சொல்லலாம் என்றால், அறையே 30 பாகைக்கு மேல் இருக்கும்போது 37 பாகை எவ்வளவுதான் இறங்கும்? நாலாம் நாள் இரண்டுமே உதவாது.

அதற்குப் பிறகு கணக்கு இலையானிடம் போகிறது. மினுங்கும் பச்சை நீல இலையான், பகலென்றால் சில நிமிடத்திலேயே உடலைத் தேடி வந்து கண், மூக்கு, வாய் என்று ஈரமான இடத்தில் முட்டையிடும். இரவில் பெரும்பாலும் இடாது. எங்கள் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழு இரண்டு தரம் தோல் கழற்றி மூன்று பருவமாக வளரும். அதன் பின்புறத்து மூச்சுத் துளைகளில் உள்ள கீற்றுகளை நுணுக்குக்காட்டியில் எண்ணினால் எந்தப் பருவம் என்று தெரியும். கடைசிப் பருவத்துக்கு மூன்று கீற்று. வயிறு நிறைந்ததும் உடலை விட்டு ஊர்ந்து போய், மண்ணிலோ மூலையிலோ கூடாகிவிடும். டொக்டர் டோர்ச் அடித்துத் தேடியது அந்தக் கபில நிறக் கூடுகளைத்தான். ஒன்றுகூட இல்லை. மூத்த புழுக்களே மூன்றாம் பருவத்தில், இன்னும் தின்றுகொண்டிருந்தன. அந்த அறையின் வெப்பத்துக்கு அது திங்கள் பகல் இட்ட முட்டை. அப்படியென்றால் ஞாயிறு இரவுக்கும் திங்கள் மத்தியானத்துக்கும் இடையில் உயிர் போயிருக்கிறது. மணியைச் சொல்லுங்கள் என்றேன். சொல்ல முடியாது, சொன்னால் பொய் என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று பொலிஸார் முடித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தியேட்டியை (31ஆம் நாள் கிரியையை) எந்த நாளிலிருந்து எண்ணுவது, ஆட்டைத் திவசத்துக்கு எந்தத் திதி? கண்டெடுத்த வியாழனையே வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். டொக்டர் சொன்ன அந்த இடைவெளி முழுக்க ஒரே திதிதான் நின்றது.

*

உங்கள் மாமாவின் கதையை வாசித்தேன். நான் திருக்கடலூர். என் அம்மா கருவாடு போடுகிறவர். மீன் சரியாகக் காயாத நாளில் அதே பச்சை இலையான்தான் வந்து மொய்க்கும், அடுத்த நாளே புழு. நன்றாகக் காய்ந்துவிட்டால் இலையான் விட்டுவிடும், அப்புறம் சாக்குக்குள் சின்னக் கறுப்பு வண்டும் அதன் மயிர் முளைத்த புழுவும் வரும். பிறகு விலங்கியல் படித்தபோது இரண்டின் பெயரும் தெரிந்தது: கிரைசோமியா மெகாசெபலா, டெர்மெஸ்டிஸ். மனித உடலிலும் இதே ஆட்கள், இதே வரிசை. ஈரம் உள்ளவரை இலையான், தோலும் எலும்புமாகக் காய்ந்த பிறகு வண்டு. 1894 இல் மெஞ்ஞென் என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் இந்த வருகையை எட்டு அலையாகப் பிரித்துப் புத்தகமே எழுதினார். அம்மாவிடம் சொன்னேன். "இலையானுக்குப் பிறகுதான் வண்டு, இது தெரியாதா" என்றார்.

*

கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன், தாதியாக வேலை செய்தவள். எறும்பை யாரும் சொல்லவில்லை. முட்டையையும் குஞ்சுப் புழுவையும் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும், அப்போது உடல் உண்மையைவிடப் புதியது போலத் தெரியும். தோலையும் கடித்து உரசல் காயம் மாதிரி ஆக்கும். எங்கள் ஊரில் ஜனாஸா அடக்கத்தைத் தாமதிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒருமுறை ஒரு பெண்ணின் கழுத்திலும் கையிலும் இருந்த அடையாளங்களைப் பார்த்துச் சனம் கணவனைச் சந்தேகித்தது. உள்ளே இரத்தக் கண்டல் இல்லை, அது இறந்த பிறகு எறும்பு கடித்தது என்று பிரேத பரிசோதனையில்தான் தெரிந்தது. அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்ததால் அந்த மனுசன் தப்பினார்.

*

அண்ணா, நான் குச்சவெளி. கடலில் போனவருக்கு இந்தக் கணக்கு சரிவராது. என் மச்சான் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கி, நண்டும் மீனும் அரித்திருந்தன. இலையான் முட்டை அப்போதுதான் இட்டபடி இருந்தது, புழுவே இல்லை. உடம்பு கரைக்கு வந்து எவ்வளவு நேரம் என்பதைத்தான் அது சொல்லும் என்றார் டொக்டர். நாங்கள் படகு கவிழ்ந்த இரவின் திதியை வைத்துத்தான் திவசம் கொடுத்து வருகிறோம்.