புதுப்பிப்பு: எம்.ஃபில். இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேரலாமா?

மொழியியலையும் மொழிபெயர்ப்பையும் இணைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய எம்.ஃபில். (முதுகலைக்குப் பின் படிக்கும் ஆய்வுப் பட்டம்) தேவையா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டன. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, சேலத்தில் சேர்ந்துவிட்டேன். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள். வழக்கமான உச்சவரம்பு 6.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள்) வாய்மொழிக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதே என் ஆய்வு. ஏற்காட்டுக்கு அப்பால் ஓர் ஊரில் ஆயா ஒருவர் சொன்ன கதையைப் பதிவு செய்து, வீட்டில் எழுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன். கதை இருந்தது, ஆயாவின் குரல் இல்லை. நம் எழுத்து அப்படி. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. அதனால் இப்போது முதலில் சர்வதேச ஒலிப்பு எழுத்தில் (ஒவ்வோர் ஒலிக்கும் தனிக்குறி உள்ள எழுத்துமுறை) பதிகிறேன், பிறகு சொல்லுக்குச் சொல் பொருள், அதன் பின்னரே மொழிபெயர்ப்பு. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது. இந்த உழைப்பைத் தவிர்த்தால் அது அவர் கதையாக இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

“எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டு, கண்ணு” என்றார் ஆயா. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மலையேறுகிறேன்.