ஓவல் டிராக் வண்டிக்கு எந்த கேம்? திருப்பம் முடிந்து இழுக்க மாட்டேன் என்கிறது

வளைவுவேகம்
அவசரம், உதவுங்கள். புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டதிலிருந்து வண்டி திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது திணறுகிறது. மிதித்தால் ஒரு நொடி முக்கிவிட்டு அப்புறம்தான் எழும்புகிறது. நேர்பாதைக் கடைசியில் பிரமாதமாகப் பாய்கிறது. சனிக்கிழமை பந்தயம். எந்த கேம் வாங்கலாம்?

கிரீஸ்கை
என்ன எஞ்சின்? கார்புரேட்டர்? கம்ப்ரஷன்? இப்போது இருக்கும் கேமோடு வந்த அளவுக் கார்டு கையில் இருக்கிறதா?

பழையபிஸ்டன்
தம்பி, இதே கேள்வியை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? திருப்பத்தின் நடுவில் ஆர்பிஎம் எதுவரை விழுகிறது, நேர்பாதை முடிவில் எதுவரை ஏறுகிறது, இந்த இரண்டும் தெரியாமல் கேம் வாங்கக் கிளம்பக் கூடாது. அந்த இடைவெளிக்குத்தான் கேம், டைனோவில் (எஞ்சின் திறன் அளக்கும் கருவி) வரும் உச்சக் குதிரைத்திறனுக்கு இல்லை.

மூலைராஜா
கேம் மேல் ஏன் பழி? பின் ஆக்ஸில் கியரை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வளைவுவேகம்
மன்னிக்கவும். ஷெவர்லே 350, ஃபிளாட் டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர், தட்டை அடி வகை), இரண்டு பேரல் 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 500 கன அடி காற்று) ஹாலி கார்புரேட்டர், கம்ப்ரஷன் 9.5. திருப்பத்தில் 3,800, கடைசியில் 6,500. கேம் 0.050 அங்குலத்தில் 254 டிகிரி, அதாவது லிஃப்டர் அந்த அளவுக்கு மேல் எழும்பி நிற்கும் கிராங்க் சுழற்சி.

கிரீஸ்கை
இரண்டு பேரல் விடும் மூச்சுக்கு 254 அதிகம். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு வெகுநேரம் திறந்தே இருக்கும். வேகம் குறைந்திருக்கும்போது உள்ளே வந்த கலவை மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போகிறது. உங்கள் திணறல் அதுதான். 235 முதல் 240க்குள், லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கான கேம் மேடுகளின் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) 106 என்று பாருங்கள்.

மூலைராஜா
மாற்றுவது உறுதி என்றால் ரோலர் (அடியில் உருளை வைத்த லிஃப்டர்) போடுங்கள். ஃபிளாட் டாப்பெட்டில் எனக்கு ஒரு லோப் வட்டமாகவே தேய்ந்துவிட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டினேன், மடிப்புக்கு மடிப்பு வெள்ளித் தூள்.

பழையபிஸ்டன்
பல வகுப்புகளில் ரோலருக்கு அனுமதியே கிடையாது. விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு ஆலோசனை சொல்லுங்கள். உங்கள் லோப் தேய்ந்தது துத்தநாகம் குறைந்த ஆயிலால்.

மூலைராஜா
நான் ஊற்றியது பந்தய ஆயில்தான் ஐயா. வால்வு ஸ்பிரிங் அழுத்தம் கூடிப்போனாலும் தேயும்.

பழையபிஸ்டன்
உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்து, 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காமல் 20 நிமிடம் ஓட்டிப் புது கேமைப் பழக்கினீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கிரீஸ்கை
ஆயில் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள். வளைவுவேகம், இப்போதுள்ள கேமை டிகிரி வீல் (கிராங்கில் மாட்டும் கோண அளவுத் தட்டு) வைத்துப் பார்த்தீர்களா? டைமிங் பல்சக்கரங்களைப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டியது மட்டும் போதாது.

வளைவுவேகம்
இன்றுதான் பார்த்தேன். கார்டில் இன்டேக் சென்டர்லைன் (இன்டேக் வால்வு உச்சமாகத் திறக்கும் கிராங்க் கோணம்) 104, அளந்தால் 108. கிராங்க் பல்சக்கரத்தில் மூன்று சாவிப்பள்ளம். தவறுதலாக 4 டிகிரி பின்தள்ளும் பள்ளத்தில் மாட்டியிருந்தேன். சரியான பள்ளத்துக்கு மாற்றியதும் பாதித் திணறல் போய்விட்டது. இந்த வாரம் இப்படியே ஓட்டுகிறேன், 238 கேமுக்குச் சொல்லிவிட்டேன். நன்றி.

கிரீஸ்கை
நல்லது. அந்த கேமுக்கு லிஃப்டரும் புதிதாக வாங்குங்கள். பழைய லிஃப்டர் பழைய லோபோடு பழகியது, புதியதில் வைத்தால் முதல் ஓட்டத்திலேயே அரித்துவிடும்.